துணியில் இருக்கிற ஆள்

உட்கார்ந்தாச்சு. இனி அந்தக் கதவு திறந்து யாராவது கூப்பிட்டாத்தான் எழுந்திருக்கணும், கூப்பிடுவாங்களா, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, கேட்டா வாசல்ல நிக்கற டவாலி முகத்தைத் திருப்பிக்கறார், சப் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவுல எல்லாரும் இப்படித்தான் உட்கார்ந்திருக்காங்க, நான் மட்டும் என்ன ஸ்பெஷலா. டாக்டர் ஜெயசீலி, மானிடவியல். அதை இங்க யாருகிட்டச் சொல்ல. மடியில குழாய். பிளம்பர் கடையில வாங்கின பிவிசி குழாய், ரெண்டு பக்கமும் மூடி, காலையில பஸ்ஸை விட்டு இறங்கினப்பவே கண்டக்டர் கேட்டார், என்ன மேடம் போர் போடப் போறீங்களான்னு. உள்ளே சுருட்டின துணி இருக்கு. துணி முழுக்க உரு, கல்லாளர் ஜனங்க நாலு பதிக்காரங்களும் அவங்கவங்க கையால எழுதின உரு, பதின்னா அவங்க ஊர். அதுல ஒண்ணு சடையன். கீழே தரையில கெம்பி, சடையன் பொண்டாட்டி. பெஞ்சுல இடம் இருக்கு, உட்காருன்னா கேக்க மாட்டா. காலை மடக்கிச் சுவர்ல சாய்ஞ்சு, பக்கத்துல ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டில்ல மலை ஊத்துத் தண்ணி, குடிக்கறதுக்கில்ல அது. எதுக்குன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். இன்னைக்கு முடிஞ்சிரும் கெம்பி, விசாரணை முடிஞ்ச கையோட பண்ணிரலாம்னு பஸ்ல சொன்னேன், அவ ஜன்னல் வழியா மரத்தைப் பார்த்துக்கிட்டே வந்தா. போன தடவையும் இதையேதான் சொன்னேன். அதுக்கு முந்தின தடவையும்.

என்ன ஜனங்களோ, என்ன வழக்கமோன்னு ஆரம்பத்துல நானும் நினைச்சவதான். மலை மேல எழுத்துப்பாறைன்னு ஒரு குடைவு, மழை படாத சுவர். அதுல விழுந்திருக்கிற விரிசல்தான் ஓடை, புடைப்புதான் குன்று, மொத்த மலையும் அந்தப் பாறையில அடக்கம். கல்யாணம் ஆனதும் ஒவ்வொருத்தரும் செம்மண்ணைக் குழைச்சு அவங்க பிழைக்கிற சரிவு எதுவோ அந்த இடத்துல தன் உருவை எழுதணும், மனுஷனாவோ மிருகமாவோ. செத்தா அழிக்கணும். புருஷனுக்குப் பொண்டாட்டி, பொண்டாட்டிக்குப் புருஷன், ஊத்துத் தண்ணியில உள்ளங்கையை நனைச்சுத் துடைக்கணும். அதுக்கு முன்னாடி போகட்டுமான்னு கேக்கணும், சுவருக்கு யார் பொறுப்போ அவர் போகட்டும்னு சொல்லணும். சொல்லாம துடைச்சா அது வெறும் அழுக்குத் துடைக்கறது, ஆள் போக மாட்டார். துடைச்ச பிறகு அந்தப் பேரை யாரும் சொல்றதில்ல, சொன்னா திரும்பிப் பார்ப்பாராம், போற வழியில நின்னுருவாராம். துடைக்கிற வரைக்கும் செத்தவர் சுவர்லயே மாட்டிக்கிட்டு நிப்பார், துடைக்க வேண்டியவ உப்பு தொடக் கூடாது, வீட்டுக்குள்ள படுக்கக் கூடாது. இதைத்தான் நான் ஆய்வா எழுதினேன். பழங்குடிக் கலையும் அரசியலும் மனித உரிமையும், தலைப்பே மூச்சு வாங்கும். எங்கெங்கயோ ஏசி ஹால்ல படம் போட்டுப் பேசினேன், நல்லாத்தான் கை தட்டினாங்க. பாறையில சடையனை அழிச்சாச்சு, அந்தச் சுவருக்குப் பொறுப்பு மூப்பன், நாலு பதிக்கும் தலைவர், அவர் போகட்டும்னு சொல்லிட்டார், கெம்பி துடைச்சுட்டா. ஆனா துணி இருக்கே. துணியில இருக்கிற ஆளை என்ன பண்றது? மூப்பன் வெத்தலையை ஒதுக்கிக்கிட்டுச் சொன்னார், துணி யார் வீட்டுல தொங்குச்சோ அவதான் அந்தச் சுவருக்குப் பொறுப்பு, அவ வாயால சொல்லணும்னு. தொங்கினது என் வீட்டு ஹால்ல. அப்போ நான்தான்.

நான் சொல்லலை. சொல்ல மாட்டேன்னு சொல்லலை, இப்ப வேண்டாம்னு சொல்றேன், ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, இருக்கா? இருக்கு. கரடிச் சரிவு இருக்கே. அங்கதான் கம்பெனிக்காரன் ரிசார்ட்டுக்கு ரோடு போடணும்ங்கறான், அந்தச் சரிவுல ரோடு வந்தா அதுக்குக் கீழே இருக்கிற நாலு பதிக்கும் தண்ணி போச்சு, தேன் போச்சு, அப்புறம் ஆளும் போக வேண்டியதுதான். வன உரிமைச் சட்டத்துல மனுப் போட்டோம். இவங்க இங்க காலங்காலமா இருக்கறதுக்கு என்ன அத்தாட்சின்னு கேட்டாங்க. பாறையைக் காட்டினோம். கம்பெனிக்காரங்க ஒரு நிபுணரைக் கூட்டிட்டு வந்து சுரண்டிப் பார்த்து, இது புதுச் சாயம், சமீபத்துல வரைஞ்சதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. பின்னே? அழிச்சு அழிச்சு எழுதற சுவர்ல சாயம் புதுசாத்தான் இருக்கும். ஒழுங்கா செத்தவங்களை ஒழுங்கா அனுப்பி வெச்சதுக்குக் கிடைச்ச தண்டனை அது. மிச்சம் இந்தத் துணி ஒண்ணுதான். கம்பெனி இந்த மலைப் பக்கம் தலை வெச்சுப் படுக்கறதுக்கு முன்னாடி, பாறையில இருக்கிற மாதிரியே மலையும் உருவுமா சென்னையில ஒரு கண்காட்சிக்குன்னு எழுதினது, முடிஞ்சதும் என் வீட்டுக்கு வந்தது, பேப்பர்ல எல்லாம் வந்தது, தேதி இருக்கு, சாட்சி இருக்கு. அதுல கரடிச் சரிவுல ஒரே ஒரு உரு, சடையன். அவன் அப்பன் தாத்தன் எல்லாம் அந்தச் சரிவுதான். அந்த உரு இருந்தா சரிவு அவங்களுது, இல்லாட்டி வெறும் துணி, வெறும் சரிவு. போட்டோ குடுத்தா போதாதான்னு கேட்டேன். கம்ப்யூட்டர்ல யார் வேணா என்ன வேணா வரையலாம்னு கம்பெனி வக்கீல் சிரிச்சார். அசலைக் கொண்டு வாங்கன்னு உத்தரவு. கொண்டு வந்திருக்கேன், மடியில இருக்கு.

முள்ளம்பன்றின்னுதான் சடையன் சொன்னான். துணியில தன் உருவை எழுதி முடிச்சுட்டு எட்டி நின்னு பார்த்து, இது முள்ளம்பன்றி, எங்க சரிவுல நெறைய, அப்படின்னான். நாலு பதியும் சிரிச்ச சிரிப்பு இருக்கே. பாவக்காய்டா அது, பாவக்காய்க்குக் கால் மொளைச்சிருக்குன்னு மூப்பனே சொல்லிட்டார். அன்னையில இருந்து அவன் பாவக்காய். கெம்பிகூட கோவம் வந்தா அப்படித்தான் கூப்பிடுவா. சென்னைக்கு வந்தப்ப செருப்பு கடிச்சு கால் வீங்கி, கேலரிக்காரங்க குடுத்த ஜூஸை மோந்து பார்த்துட்டு வெச்சுட்டான். அந்தப் பொண்ணு, கேலரிப் பொண்ணு, துணி மேல ஏதோ அடிக்கணும்னு ஸ்ப்ரேயோட வந்தா, அடிச்சா சாயம் உதிராது, தண்ணி பட்டாலும் போகாது, நூறு வருஷம் இருக்கும்னா. சடையன் குறுக்கே நின்னுட்டான். "அதைப் பூசிட்டா நாங்க எப்படிச் சாவறது?" அவன் நிஜமாவே சந்தேகம் கேட்டான். கோவமில்ல, தத்துவமில்ல, பஸ் எப்போன்னு கேக்கற மாதிரி கேட்டான். அவங்க அதைப் பெரிய எழுத்துல சுவர்ல அச்சடிச்சு மாட்டிட்டாங்க, ஜனங்க அதுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்தாங்க. அவன் என்கிட்ட வந்து, அக்கா நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலையேன்னான். கேட்டவன் செத்துட்டான், பதில் என் மடியில.

அந்தக் கான்ஸ்டபிள் எதுக்கு இங்க வந்து நிக்கறான். அதோ, ஜன்னல் ஓரமா, டீயை ஆத்திக்கிட்டு. வேற ஸ்டேஷனாத்தான் இருக்கும், ஆபீஸ் பாதுகாப்புக்கு எப்பவும் ஒருத்தன் இருப்பான், நீ சும்மா எதையாவது நினைக்காதே ஜெயசீலி. கெம்பி அவன் முகத்தைப் பார்க்கலை, பூட்ஸைப் பார்க்கறா. அன்னைக்கும் பூட்ஸைத்தான் பார்த்திருப்பா. ரோடு அளக்க வந்தவங்க போட்டிருந்த கொட்டகை எரிஞ்சு போச்சு, யார் எரிச்சாங்கன்னு கடவுளுக்குத்தான் தெரியும், விசாரிக்கணும்னு சடையனைக் கூட்டிட்டுப் போனாங்க. கெம்பி பின்னாலயே மலை இறங்கிப் போயிருக்கா. பயப்படாதே, பத்திரமா இருப்பான், காலையில அனுப்பிருவோம்னு சொல்லியிருக்காங்க. காலையில நெஞ்சு வலின்னாங்க. மரம் ஏறித் தேன் எடுக்கறவனுக்கு நெஞ்சு வலி. முதுகைக் காட்டவே இல்ல, துணி சுத்தி, மூஞ்சி மட்டும், சட்டுனு கீழேயே ஊர் இடுகாட்டுல புதைச்சுட்டாங்க, மேலே கொண்டு போனா கலவரம் வரும்னு. அவன் உடம்பு மலைக்குப் போகவே இல்ல. அதான் கெம்பிக்கு இந்தத் துணி மேல இவ்வளவு. உடம்பையும் குடுக்கலை, ஆளையாவது விடுங்கக்கான்னு என்கிட்ட ஒரே ஒரு தடவை கேட்டா. அழுதிருந்தா சமாளிச்சிருப்பேன். அழலை. மனித உரிமைக் கமிஷனுக்கு மனு போட்டிருக்கோம், அதுக்கும் தேதி வரணும். எல்லாத்துக்கும் ஒரு தேதி வரணும், தேதி வர்ற வரைக்கும் இவ வாசல்ல படுக்கணும், பனியில. போன வாரம் பார்த்தப்ப இருமிக்கிட்டு இருந்தா. ஏன் உள்ள படுக்கக் கூடாதா, யார் பார்க்கப் போறான்னு என் வாய்க்குள்ள வந்துருச்சு. நல்லவேளை, கேக்கலை. இருபது வருஷமா இவங்களைப் பத்தி எழுதறவ கேக்கற கேள்வியா அது.

பசிக்குது. இந்த நேரத்துல பசிக்குது பாரு, உடம்புக்கு வெக்கமே கிடையாது. காலையில பஸ் ஸ்டாண்டுல எலுமிச்சை சாதம் பொட்டலம் ரெண்டு வாங்கினேன், ஒண்ணை அவகிட்ட நீட்டின பிறகுதான் உறைச்சது, உப்பு. சீ. அவ வாங்கிப் பக்கத்துல இருந்த பெரியவருக்குக் குடுத்துட்டா, பையில இருந்து ஒரு வாழைப்பழம் எடுத்துத் தின்னா. உதடு வெடிச்சிருக்கு அவளுக்கு. ஒரு தடவை கண்ணுக்கு ஆபரேஷன்னு சென்னைக்கு வந்து எங்க வீட்டுல தங்கினா. ஹால்ல எங்க அப்பா போட்டோ, மாலை, சின்ன பல்பு, எங்கம்மா சனிக்கிழமை சனிக்கிழமை கண்ணாடியைத் துடைச்சு அன்னைக்கு மார்க்கெட்டுல மீன் என்ன விலைன்னு வரைக்கும் அப்பாகிட்டச் சொல்லுவா. கெம்பி ரெண்டு நாள் பார்த்துட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டா, ஏன்க்கா அவரை விட மாட்டேங்கறீங்கன்னு. நான் சிரிச்சேன். எங்களுக்கு இப்படித்தான் கெம்பி, நாங்க வெச்சுக்குவோம். ராத்திரி தூக்கம் வரலை, பல்பை அணைச்சேன், அம்மா காலையில எழுந்து யாரு அணைச்சதுன்னு கத்தினா. வெச்சுக்கறதுதானே நான் படிச்ச படிப்பு. ரெக்கார்டு பண்ணு, படம் எடு, லேபிள் ஒட்டு, அழியறதுக்கு முன்னாடி பிடிச்சு வை. அழியறதுதான் இவங்களுக்கு வேலைன்னு எழுதத் தெரிஞ்சுது, அழிய விடத் தெரியலை. சரி, விட்டுரு. விட்டா? விட்டா அந்த நாலு பதி, நாற்பது குடும்பம்? கெம்பியோட மக அங்கதானே இருக்கா, பேரன் பேத்தி வந்தா எங்க எழுதுவாங்க, பாறை இருக்கும், சரிவு இருக்காதே. சாவுக்கா, பிழைப்புக்கா, யாருக்கு நான் பொறுப்பு? சுவருக்குப் பொறுப்புன்னார் மூப்பன். இன்னைக்குக் காலையில பஸ் ஏத்தி விட வந்தார். ஒரு வார்த்தை சொல்வார், துணியைப் பத்திரமா கொண்டு போய்க் குடுத்துரும்மான்னு சொல்வார்னு அவர் வாயையே பார்த்தேன். துணி உன் சுவரு, நீ பாத்துக்கோன்னார். அவ்வளவுதான். எதைப் பார்த்துக்க? எதைய்யா பார்த்துக்கறது நான்? கேட்டிருக்கணும், பஸ் கிளம்பிருச்சு. இன்னைக்கு ஒரு நாள். இன்னைக்கு அசலைப் பார்த்து எழுதிக்கிட்டா போதும், பதிவாயிடும், அப்புறம் இந்த வராந்தாவுலயே வெச்சுச் சொல்லிருவேன், சத்தியமாச் சொல்லிருவேன். கதவு திறக்குது. எங்க பேர்தான்.

ஏசி. வேர்வை சட்டுனு குளிர்ந்து முதுகுல ஒட்டுது. சப் கலெக்டர் சின்னப் பையன், என் ஸ்டூடண்ட் வயசு இருக்கும், எழுந்து நின்னு உட்காருங்க மேடம்னார், மரியாதை தெரிஞ்சவர்தான், கண்ணுக்குக் கீழே கறுப்பு, தூங்கியிருக்க மாட்டார். அந்தப் பக்கம் கம்பெனி வக்கீல். வனத்துறைக்காரங்க நாற்காலி காலி. மினிஸ்டர் வர்றாராம், ரேஞ்சர் அங்க போயிட்டாராம், அவங்க இல்லாம பார்க்க முடியாது, அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சுக்கலாம் மேடம், சாரி. சாரியாம். சார், இந்தம்மா மலையில இருந்து வந்திருக்காங்கன்னு ஆரம்பிச்சேன், எதுவரைக்கும் சொல்றது, உப்பு சாப்பிடலைன்னா, வாசல்ல படுக்கறான்னா, அரசாங்க மேஜைக்கு முன்னாடி அந்த வார்த்தை எதுவும் வரலை. சரிங்க சார்னு குழாயைத் தூக்கிட்டு எழுந்தேன். அப்பத்தான் வக்கீல் ரொம்ப பவ்யமா, ஐயா, அசல் ஒரு தரப்புக்காரங்க கையிலயே சுத்திக்கிட்டு இருக்கறது சரியில்லையே, ஆபீஸ் பொறுப்புல இருக்கட்டுமேன்னார். சப் கலெக்டர் யோசிச்சார். அவர் நல்ல மனசோடதான் சொன்னார், அது உங்களுக்கும் நல்லதுதான் மேடம், தொலைஞ்சு போச்சுன்னா கஷ்டம், கேஸ் முடியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். கேஸ் முடியற வரைக்கும். என் ரிட்டயர்மெண்ட்டுக்கு முன்னாடியா பின்னாடியா. தணிகாசலம்னு கிளார்க், மேஜையைச் சுத்தி வந்து கையை நீட்டினார். கெம்பி அதுவரைக்கும் கதவு ஓரமா நின்னவ, நேரா கிளார்க்கைப் பார்த்து, "எங்க கொண்டு போறே?"ன்னு கேட்டா. அவங்க பேச்சுல வாங்க போங்க கிடையாது, மூப்பனையும் நீன்னுதான் சொல்லுவாங்க. சார் முன்னாடி ஒழுங்காப் பேசும்மான்னு தணிகாசலம் அதட்டிட்டு, பிறகு பாவமா இருந்திருக்கும் போல, தணிஞ்ச குரல்ல சொன்னார், "ரெக்கார்டு ரூம்ல பூட்டி வெப்போம்மா. பத்திரமா இருக்கும்."

பத்திரமா. அந்தாளுக்கு என்ன தெரியும், அவர் மேல தப்பில்ல, எல்லாரும் சொல்ற வார்த்தை. கெம்பி கிட்ட வந்தா. காலையில இருந்து தொடாத குழாய் மேல கையை வெச்சா, சப் கலெக்டர் பக்கம் திரும்பவே இல்ல, என் முகத்தைப் பார்த்தா. "போகட்டுமா, அக்கா?" அய்யோ, இப்ப வேண்டாம் கெம்பி, இப்ப இல்ல, அடுத்த மாசம், அடுத்த மாசம்னு யாருகிட்டச் சொல்றேன், பூட்டு, பூட்டுக்குள்ள சடையன், மறுபடியும் ஒரு ராத்திரி, எத்தனை ராத்திரி, காலையில அனுப்பிருவோம், எந்தக் காலையில, கரடிச் சரிவு போயிரும், நாற்பது வீடு, மூப்பனுக்குப் போன் போட்டா மேலே டவர் கிடையாது, உன் சுவரு நீ பாத்துக்கோ, இவங்க எனக்கு மலையைக் குடுத்தாங்க, நான் அதை ஆய்வாக்கினேன், இவ ஒரே ஒரு வார்த்தை கேக்கறா, அதை நான் சொல்லலாமா, சொல்ல எனக்கென்ன உரிமை, சொல்லாம இருக்க மட்டும் உரிமை இருக்கா, வக்கீல் ஏன் அவ்வளவு அமைதியா உட்கார்ந்திருக்கான், உதடு வெடிச்சு ரத்தம் கட்டியிருக்கு இவளுக்கு, எப்படிச் சாவறதுன்னு கேட்டானே, யாரும் பதில் சொல்லலையேக்கான்னானே, சடையா, பாவக்காய், என்னடா பண்ணுவேன் நான். "போகட்டும்"னு சொன்னேன். மூடியைத் திறந்தேன். துணி சுருண்டுக்கிட்டே இருந்துச்சு, ஃபைல் மேலயே விரிச்சு ரெண்டு மூலையையும் நான் அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். கெம்பி பாட்டில் தண்ணியை உள்ளங்கையில ஊத்தினா. முதல்ல முள்ளு போச்சு. அப்புறம் கால். செம்மண் தண்ணி ஃபைல் மேல ஓடுது, கிளார்க் ஏய் ஏய்னு கத்தறார், சப் கலெக்டர் எழுந்துட்டார், என்ன பண்றீங்க, விடுங்க, மேடம், படிச்சவங்க நீங்க. வக்கீல் மட்டும் தடுக்கவே இல்ல. அவர் எதுக்குத் தடுக்கணும். மெதுவா, அவசரமே இல்லாம, குழந்தைக்கு முகம் கழுவி விடற மாதிரி துடைச்சா கெம்பி, துணி நூல் தெரியற வரைக்கும் துடைச்சா. சுத்தி எல்லாரும் இருக்காங்க, நடுவுல ஒரு ஈரம்.

மனுதாரர் தரப்பே அத்தாட்சியை அழிச்சுட்டாங்கன்னு எழுதிக்கணும் ஐயான்னு வக்கீல் சொன்னார். சப் கலெக்டர் துணிக்கு அடியில இருந்து நனைஞ்ச ஃபைலை உருவி எடுத்தார். திட்டுவார்னு நினைச்சேன். என் பக்கம் குனிஞ்சு, துணியில யார் பேரும் எழுதலை மேடம், எது யாருதுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும், இந்த இடத்துல இருந்தது யாருன்னு நீங்க சொல்லுங்க, நீங்க நேர்ல பார்த்து சாட்சி சொன்னதா அதையாவது எழுதிக்கறேன், சாயந்திரத்துக்குள்ள கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடணும்னார். கயிறு போடறார் அந்தப் பையன், பிடிச்சுக்கோங்கறார். ஒரு பேர். காலையில இருந்து அந்தப் பேரைத்தானே நினைச்சுக்கிட்டு இருக்கேன், இப்பக்கூட நாக்கு நுனியில நிக்குது, சொன்னா சரிவு ஒட்டிக்கிட்டாவது இருக்கும், நாளைக்குக் கமிஷன் வக்கீலும் இதைத்தான் கேப்பார், நாளன்னைக்கு இன்னொருத்தர் கேப்பார். பூட்ஸ்காரங்க பாதி அழிச்சாங்க, மீதியை நான் அழிக்கச் சொன்னேன், இப்ப பேரையும் முழுங்கினா அவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், கேட்டா என்ன பதில் வெச்சிருக்கேன். நான் இதெல்லாம் நம்பறவ இல்ல. ஆள் திரும்பிப் பார்ப்பார், வழியில நிப்பார்னு நான் எழுதத்தான் செஞ்சேன், நம்பினதில்ல. கெம்பி பக்கத்துல நின்னா, உள்ளங்கை செவப்பா, விரல் நுனியில இருந்து சொட்டிக்கிட்டு. என் வாயைப் பார்க்கறா. யோசிச்சுச் சொல்றேன் சார்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். வராந்தாவுல கான்ஸ்டபிள் டீ கிளாஸைக் கழுவி வெச்சுக்கிட்டு இருந்தான். கெம்பி அவனைத் தாண்டித்தான் நடந்தா, கீழே பார்க்கலை. கேட்டுக்கு வெளிய வேப்ப மரத்தடியில ஒரு அம்மா மண்பானை வெச்சு மோர் வித்துக்கிட்டு இருக்காங்க. கெம்பி அங்க போய் நின்னா. ஒரு டம்ளரை வாங்கி ஒரே மூச்சுல குடிச்சா, வெடிச்ச உதட்டுல உப்புப் பட்டு எரிஞ்சிருக்கும், கண்ணை இறுக்கி மூடித் திறந்தா. எனக்கு அங்கயே உட்கார்ந்து ஓன்னு அழணும் போல இருந்துச்சு. பின்னாலயே தணிகாசலம் ஓடி வர்றார், கையில பேப்பர், பேனா மூடியைப் பல்லால கழட்டிக்கிட்டே. "மேடம், சார் வெயிட் பண்றார். பேரு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அந்த ஆள் பேரு என்ன?" கெம்பி டம்ளரை நீட்டினா, இன்னும் உப்பு வேணுமாம். நான் மோர்க்கார அம்மாகிட்ட, இன்னும் கொஞ்சம் உப்புப் போடுங்கன்னு சொன்னேன்.